பழைய செக்ஸ்டன்ட் சரியாக அளக்கிறதா? வாங்குமுன்னும் வாங்கிய பின்னும் செய்ய வேண்டிய சோதனைகள்

செக்ஸ்டன்ட் என்பது சூரியன், நட்சத்திரங்களின் கோணத்தை அளந்து கப்பல் இருக்கும் இடத்தைக் காண உதவும் கருவி. அதில் ஒரு கலை தப்பினால் கடலில் ஒரு நாட்டிகல் மைல் தப்பும். அதாவது 1852 மீட்டர். கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு, பஞ்சாங்கத்தில் வருகிற அதே கலைதான். கப்பலில் அதை ‘மினிட்’ என்பார்கள். கடிகார நிமிடத்தோடு குழம்பக் கூடாது என்பதால் இங்கே கலை என்றே வைத்துக்கொள்வோம்.

பழைய செக்ஸ்டன்ட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “இண்டெக்ஸ் எரர் எவ்வளவு?” என்பதைத்தான். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் கருவி எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்பதே அந்த இண்டெக்ஸ் பிழை. உண்மையில் அதுதான் கவலைப்படவே தேவையில்லாத பிழை. இரண்டு நிமிடத்தில் அளந்துவிடலாம், திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம், அல்லது அப்படியே விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் கழித்துக்கொள்ளலாம். திருகால் தீராத பிழைகள் வேறு: தேய்ந்த புழுத்திருகு, வளைந்த சட்டம், மையம் தவறிய அச்சு, அடிபட்ட பற்கள். விற்பவர் இவற்றைச் சொல்ல மாட்டார். பல நேரம் அவருக்கே தெரியாது. அதனால் பணம் கொடுக்குமுன் இவற்றைத் தேடுங்கள். திருகு வேலைகளை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில், அது கருவிதானா

சந்தையில் கிடைக்கும் பளபளக்கும் பித்தளை செக்ஸ்டன்ட்களில் பெரும்பாலானவை மேசை அலங்காரத்துக்காகச் செய்தவை. ‘கெல்வின் அண்ட் ஹியூஸ், லண்டன், 1917’ என்று பொறித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கெல்வினும் ஹியூஸும் ஒரே நிறுவனமாக இணைந்தது 1947-ல்தான். அந்தப் பெயரில் 1917-ல் எந்தக் கருவியும் வந்திருக்க முடியாது.

பொறிப்பு இல்லாவிட்டாலும் கண்டுபிடிக்கலாம். வில் என்பது பாகைகள் பொறித்த வளைந்த பகுதி. கை என்பது அதன் மேல் நகரும் நீண்ட பட்டை. டிரம் என்பது கையின் அடியில் கலைகளைப் படிக்கும் சுழல் உருளை. உண்மையான டிரம் செக்ஸ்டன்டில் வில்லின் விளிம்பில் நுண்ணிய பற்கள் இருக்கும். கையின் அடியில் இரண்டு விரலால் அழுத்தும் பிடி ஒன்று உண்டு. அழுத்தினால் புழுத்திருகு பற்களை விட்டு விலகி, கை சரளமாக நகரும். டிரம்மை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கை வில்லின் அளவில் சரியாக ஒரு பாகை நகர வேண்டும். டிரம்மில் 60 கோடுகள் இருக்கும், பக்கத்தில் 0.1 அல்லது 0.2 கலை வரை படிக்கும் வெர்னியர் என்ற துணை அளவுகோல் இருக்கலாம். அலங்காரப் பொருளில் டிரம் இருக்காது, இருந்தாலும் எதையும் நகர்த்தாது.

தமாயா, சி. பிளாத், கேசன்ஸ் அண்ட் பிளாத், கிழக்கு ஜெர்மனியின் ஃபிரைபெர்கர், சோவியத் எஸ்என்ஓ-டி, சீனாவின் அஸ்ட்ரா 3பி ஆகியவை பழைய சந்தையில் அடிக்கடி வரும் நம்பகமான வகைகள். குஜராத்தின் ஆலங்கில் உடைக்க வரும் கப்பல்களிலிருந்து இறங்கும் பொருள்களிலும் இவை உண்டு. ஆனால் பெயர் நல்லது என்பதால் கையில் இருப்பதும் நல்லது என்று ஆகிவிடாது. பத்தாண்டு பெட்டியில் சும்மா கிடந்ததும், ஒரே ஒரு முறை படிக்கட்டில் உருண்டதும் வெளியிலிருந்து ஒரே மாதிரிதான் இருக்கும்.

பெட்டி மூடியின் உள்பக்கம் சோதனைச் சான்றிதழ் ஒட்டியிருந்தால் அதிலுள்ள வரிசை எண்ணையும் வில்லிலோ சட்டத்திலோ பொறித்த எண்ணையும் ஒப்பிடுங்கள். பெட்டிகள் மாறிப்போவது சாதாரணம். எண் ஒத்துப்போனால், 10 அல்லது 15 பாகைக்கு ஒன்றாகக் கொடுத்திருக்கும் திருத்த எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் செய்யப்போகும் நட்சத்திரச் சோதனையில் அதே வடிவம் திரும்ப வந்தால் கருவி அன்றிலிருந்து கெடவில்லை என்று அர்த்தம். சான்றிதழ் மட்டும் போதாது. அது கருவி பிறந்த நாளைப் பற்றித்தான் சொல்கிறது.

கடையில் வைத்தே செய்யக்கூடியவை

கருவியைச் சட்டத்தையோ கைப்பிடியையோ பிடித்துத்தான் தூக்க வேண்டும். கையைப் பிடித்தோ வில்லைப் பிடித்தோ தூக்குகிறவரிடமிருந்து வாங்கும்போது கொஞ்சம் அதிகமாகவே சோதியுங்கள்.

கையின் கீழ்முனையை விரலால் பற்றி, சட்டத்தின் தளத்துக்குக் குறுக்காக, மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். மேலே அச்சில் ‘டக்’ என்று ஓர் அசைவு தெரிந்தால் அச்சு தேய்ந்துவிட்டது. இதைச் சாதாரணப் பட்டறையில் சரிசெய்ய முடியாது. இங்கே எவ்வளவு சிறியது எவ்வளவு பெரிதாகிறது என்பதற்கு ஒரு கணக்கு: வில்லின் ஆரம் பெரும்பாலும் 16 சென்டிமீட்டர் சுமார். அச்சு மையத்திலிருந்து 0.01 மில்லிமீட்டர் விலகினால் கோணத்தில் அதிகபட்சம் 0.2 கலை, கண்ணாடி கோணத்தை இரட்டிப்பாக்குவதால் படிப்பில் 0.4 கலை. நூறில் ஒரு மில்லிமீட்டருக்கே கிட்டத்தட்ட 800 மீட்டர் தவறு.

அடுத்து பற்கள். பிடியை அழுத்திக் கையை நகர்த்தியபடி, பூதக்கண்ணாடியில் வில்லின் விளிம்பை முழுக்கப் பாருங்கள். நசுங்கிய பல், பச்சை பிடித்த பள்ளம், காய்ந்த கிரீஸ். பிடியை அழுத்தாமல் யாராவது கையை இழுத்திருந்தால் பற்களின் நுனி மழுங்கியிருக்கும். இந்தத் தவறு 0 முதல் 70 பாகை வரையான பகுதியில்தான் அதிகம், வேலை நடக்கும் இடம் அதுதானே. பல்லிடுக்கிலுள்ள அழுக்கு புழுத்திருகை 0.02 மில்லிமீட்டர் தள்ளினாலே படிப்பில் 0.8 கலைக்கு மேல் போய்விடும். அழுக்கு என்றால் பயப்பட வேண்டாம், மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷும் தையல் மிஷின் எண்ணெயும் போதும். நசுங்கல் என்றால் விட்டுவிடுங்கள்.

டிரம்மைப் பூஜ்யத்தில் நிறுத்தி, 0, 10, 20 என்று 120 வரை, கையின் அம்புக்குறி பாகைக் கோட்டின் மேல் விழுகிறதா என்று பாருங்கள். டிரம் செக்ஸ்டன்டில் துல்லியத்தைத் தருவது பற்கள்தான். பொறித்த கோடு எத்தனையாவது பாகை என்று சொல்வதற்கு மட்டுமே. அதனால் எல்லா இடத்திலும் ஒரே அளவு தள்ளி இருந்தால் பரவாயில்லை. ஓரிடத்தில் சரியாகவும் வேறிடத்தில் கால் பிரிவு தள்ளியும் இருந்தால் கை அல்லது புழுத்திருகு மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது அடி விழுந்திருக்கிறது.

டிரம் இல்லாத பழைய வெர்னியர் செக்ஸ்டன்டில் கதை தலைகீழ். அங்கே பொறித்த கோடுதான் எல்லாம். பித்தளை பாலிஷ் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கிய வில் என்றால் கோடுகள் மங்கி, ஓரம் உருண்டு போயிருக்கும். கறுத்துக் கிடக்கும் வில்லே மேல்.

கண்ணாடிகளில் ரசம் போயிருந்தால் மட்டும் தள்ளிவிட வேண்டாம். கண்ணாடி மாற்றலாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் யாரோ ஏற்கெனவே முகம் பார்க்கும் கண்ணாடியை வெட்டிப் பொருத்தியிருந்தால் அது பிழை தரும். அதன் முன்பக்கமும் பின்பக்கமும் இணையாக இருக்காது. பெரிய கோணத்தில், 100 பாகைக்கு மேல், பிரகாசமான நட்சத்திரம் ஒன்றின் பக்கத்தில் மங்கலான இரட்டை ஒன்று தெரிந்தால் காரணம் இதுதான்.

சட்டம் வளைந்திருக்கிறதா

இதற்கும் வானம் தேவையில்லை, வெளிச்சமுள்ள மேசை போதும். இண்டெக்ஸ் கண்ணாடி, அதாவது கையோடு சேர்ந்து சுழலும் கண்ணாடி, கருவியின் தளத்துக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் வழக்கமான சோதனைதான் இது, ஆனால் கொஞ்சம் நீட்டிச் செய்ய வேண்டும்.

கையை 35 முதல் 50 பாகை அளவில் வைத்து, கருவியைப் படுக்கையாகப் பிடித்து, இண்டெக்ஸ் கண்ணாடிக்கு அருகில் கண்ணை வைத்துச் சாய்வாக உள்ளே பாருங்கள். வில்லின் ஒரு பகுதி நேராகவும், இன்னொரு பகுதி கண்ணாடிக்குள்ளும் தெரியும். இரண்டும் முறியாத ஒரே கோடாக ஓட வேண்டும். படி போல ஏறி இறங்கினால், அந்தக் கண்ணாடியின் பின்னாலுள்ள ஒற்றைத் திருகைத் திருப்பி ஒன்றாக்குங்கள்.

இதைவிட நுட்பமாகப் பார்க்க, ஒரே அளவு எஃகு நட்டு இரண்டு வாங்கி, ஒன்றை வில்லின் பூஜ்யப் பக்கத்திலும் மற்றதை 120 பக்கத்திலும் வையுங்கள். ஒன்று நேரில், ஒன்று கண்ணாடியில் தெரியும்படி கையை நிறுத்தி, இரண்டின் மேல்விளிம்பும் ஒரே மட்டமா என்று பாருங்கள்.

இப்போது நீட்டிப்பு: ஓரிடத்தில் சரிசெய்த பிறகு கையை முன்னும் பின்னும் 15 பாகை வீதம் நகர்த்தி மீண்டும் பாருங்கள். ஓரிடத்தில் கோடு முறியாமலும் வேறிடத்தில் முறிந்தும் தெரிந்தால் கண்ணாடியில் குறையில்லை. கை சுழலும் தளமும் வில்லின் தளமும் ஒன்றாக இல்லை. சட்டமோ அச்சோ வளைந்துவிட்டது. எந்தத் திருகும் இதைத் தீர்க்காது. மரியாதையாகப் பெட்டியை மூடிக் கொடுத்துவிடலாம்.

ஹொரைசன் கண்ணாடியின் இரண்டு திருகுகள்

ஹொரைசன் கண்ணாடி என்பது டெலஸ்கோப்புக்கு எதிரே சட்டத்தில் நிலையாக நிற்கும் கண்ணாடி. இதைச் சோதிக்க நட்சத்திரமோ கடலின் தொடுவானமோ வேண்டும். பூஜ்யத்தில் வைத்து நடுத்தரப் பிரகாசமுள்ள ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி டிரம்மை முன்னும் பின்னும் திருப்புங்கள். பிரதிபலித்த நட்சத்திரம் மேலிருந்து கீழே இறங்கும்போது நேரடி நட்சத்திரத்தின் மேல் ஏறிக் கடந்தால் சரி. இடமாகவோ வலமாகவோ விலகிக் கடந்தால் பக்கப் பிழை. சட்டத்திலிருந்து விலகி மேலே இருக்கும் திருகு இதற்கு. சட்டத்துக்கு அருகில் இருப்பது இண்டெக்ஸ் பிழைக்கு. ஒன்றைத் தொட்டால் மற்றது கொஞ்சம் அசையும், அதனால் பாதிப் பாதியாக மாறி மாறிச் செய்யுங்கள். வரிசை மாறக் கூடாது: முதலில் இண்டெக்ஸ் கண்ணாடியின் செங்குத்து, பிறகு பக்கப் பிழை, கடைசியில் இண்டெக்ஸ் பிழை.

சில பழைய கருவிகளில் எதிரெதிராக இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்றைத் தளர்த்திய பிறகே மற்றதை இறுக்க வேண்டும். இரண்டையும் இறுக்கினால் கண்ணாடி விரியும்.

ஒன்றிரண்டு கலை பக்கப் பிழை பெரிய கோணங்களை ஏறக்குறைய தொடவே தொடாது. இரண்டு நட்சத்திரமும் ஒன்றின் மேல் ஒன்று மறையாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் என்பதற்காக வேண்டுமென்றே கொஞ்சம் விட்டு வைக்கிறவர்களும் உண்டு. தவறில்லை.

கடல் இல்லாத ஊரில் தூரத்துக் கோபுரத்தையோ தண்ணீர்த் தொட்டியையோ வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். தூரத்தைக் கணக்கிடுங்கள். இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே 6, 7 சென்டிமீட்டர் இடைவெளி இருப்பதால், 100 மீட்டரில் உள்ள பொருள் 2 கலைக்கு மேல் பொய் சொல்லும். 1 கிலோமீட்டரில் 0.2 கலை, 3 கிலோமீட்டர் தாண்டினால் கவலை இல்லை.

சூரியனை வைத்து இண்டெக்ஸ் பிழை

இதில் ஒரு வசதி, அளந்தது சரியா என்று சூரியனே சொல்லிவிடும். ஆனால் அதற்கு முன்: இரண்டு பாதைகளிலும், இண்டெக்ஸ் பக்கமும் ஹொரைசன் பக்கமும், அடர்ந்த ஷேடு, அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் நிறக் கண்ணாடி, விழுந்திருக்க வேண்டும். பழைய கருவியில் ஷேடு உடைந்து, யாராவது நிறக் கண்ணாடித் துண்டையோ பிளாஸ்டிக்கையோ பொருத்தியிருந்தால் அதை வைத்துச் சூரியனைப் பார்க்கவே கூடாது. இருட்டாகத் தெரிவதும் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரைத் தடுப்பதும் ஒன்றல்ல. டெலஸ்கோப் வேறு அதைக் குவித்துத் தரும்.

கருவியைப் பத்துப் பதினைந்து நிமிடம் நிழலில் வைத்து ஆறவிடுங்கள். சூரியன் வானில் உயரமாக இருக்கும்போது செய்யுங்கள். தாழ்ந்திருந்தால் வளிமண்டலம் அதை மேலும் கீழும் சப்பையாக்கிவிடும். இரண்டு சூரிய பிம்பங்களின் விளிம்புகளை ஒரு பக்கம் தொடவைத்துப் படியுங்கள், பிறகு மறுபக்கம் தொடவைத்துப் படியுங்கள்.

ஒரு படிப்பு பூஜ்யத்துக்கு உள்ளே, அதாவது பாகைகள் ஏறும் பக்கத்தில், வரும்: 33.2 கலை என்று வைப்போம். மற்றது பூஜ்யத்துக்கு வெளியே வரும். அங்கே டிரம் 29.4 காட்டினால் அது 29.4 அல்ல, 60-லிருந்து கழித்து 30.6. புதியவர்கள் தவறும் இடம் இதுதான். இரண்டின் வேறுபாட்டில் பாதி இண்டெக்ஸ் பிழை: 2.6-ல் பாதி, 1.3 கலை. உள்ளே உள்ள எண் பெரிது, ஆகவே கழிக்க வேண்டும். வெளியே உள்ளது பெரிதாக இருந்தால் கூட்ட வேண்டும்.

சரிபார்ப்பு: இரண்டையும் கூட்டி நான்கால் வகுங்கள். 63.8-ஐ 4-ஆல் வகுத்தால் 15.95. இது சூரியனின் அரைவிட்டம். ஜனவரித் தொடக்கத்தில் அது 16.3 கலை, ஜூலைத் தொடக்கத்தில் 15.7, மேலே உள்ள எண் சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாளுக்குப் பொருந்தும். நாட்டிகல் அல்மனாக், அதாவது கடலோடிகளின் ஆண்டுப் பஞ்சாங்கம், அன்றைக்குத் தரும் எண்ணிலிருந்து 0.2-க்கு மேல் விலகினால் படிப்பை நம்பாதீர்கள், மீண்டும் எடுங்கள்.

பிழை 3 கலைக்குள் இருந்தால் திருகைத் தொடாமல் விடுவதே நல்லது. அடிக்கடி திருப்பினால் திருகு தளர்ந்து, பிழை நிலையாக நிற்காமல் போகும். நிலையான 2 கலை, ஆடிக்கொண்டிருக்கும் அரைக் கலையைவிட நல்லது.

‘பிளே’ சோதனை

பட்டறையில் ‘பிளே’ என்கிறோமே, அதுதான்: திருகுக்கும் பற்களுக்கும் இடையே உள்ள தளர்வு. நட்சத்திரத்தைப் பூஜ்யத்தில் வைத்து, டிரம்மை வலமாக மட்டும் திருப்பி இரு பிம்பமும் ஒன்றாகும்போது நிறுத்திப் படியுங்கள். தாண்டிவிட்டால் திரும்பி வரக் கூடாது. நன்றாகப் பின்னால் போய் மறுபடி வாருங்கள். இப்படி ஐந்து. பிறகு இடமாக மட்டும் திருப்பி ஐந்து. இரண்டு சராசரிகளின் வேறுபாடு பிளே.

0.2 கலைக்குள் என்றால் மிக நல்ல கருவி. 0.5 வரை எனில் எப்போதும் ஒரே திசையில் திருப்பி அளந்தால் போதும், பிழை தானாகக் கழிந்துவிடும். 1 கலைக்கு மேல் போனால் பற்களைச் சுத்தம் செய்து, எண்ணெய் மாற்றி, புழுத்திருகைப் பற்களோடு அழுத்தும் ஸ்பிரிங்கைப் பார்த்து, மறுபடி சோதியுங்கள். காய்ந்த கிரீஸ்தான் குற்றவாளியாக இருப்பது அதிகம். சராசரிகளைவிட, ஒரே திசையில் எடுத்த ஐந்துக்குள் உள்ள பரவலைக் கவனியுங்கள். அதுவே ஒரு கலை பரவினால் கருவிக்கு நிலையான பிழை என்று ஒன்றே இல்லை, திருத்தவும் வழியில்லை.

நட்சத்திர இடைவெளி: உண்மையான பரீட்சை

மேலே செய்ததெல்லாம் பூஜ்யத்துக்கு அருகில். 50 பாகையில், 80 பாகையில் கருவி என்ன சொல்கிறது என்பது இன்னும் தெரியாது. அச்சு மையம் தவறியிருந்தாலும் பற்கள் சீராக இல்லாவிட்டாலும் வெளியே வருவது அங்கேதான். ஆய்வுக்கூடம் இல்லாமல் அதை அளக்க வானத்தில் ஏற்கெனவே அளந்து வைத்த கோணங்கள் இருக்கின்றன.

தமிழில் பெயர் தெரிந்த நட்சத்திரங்களே போதும். சந்திரன் செல்லும் பாதையை ஒட்டி அமைந்தவை என்பதால்தான் இவை பஞ்சாங்கத்திலும் வந்தன. 1767 முதல் வெளியான நாட்டிகல் அல்மனாக்கில் சந்திர தூரம், அதாவது சந்திரனுக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணம், அளந்து தீர்க்கரேகை காணப் பயன்பட்டதும் இவற்றில் பலவே. ரோகிணி என்பது அல்டிபரான். புனர்பூசத்தின் பிரகாசமானது பொலக்ஸ். மகம் ரெகுலஸ், சித்திரை ஸ்பைகா, கேட்டை அன்டாரிஸ். இவற்றின் இடைவெளிகள் தோராயமாக:

ரோகிணி – பொலக்ஸ்: 45 பாகை. பிப்ரவரி, இரவு எட்டு மணி.
ரோகிணி – மகம்: 80 பாகை. மார்ச் நடுவில், இரவு எட்டு மணி.
மகம் – சித்திரை: 54 பாகை. மே, இரவு எட்டு மணி.
மகம் – கேட்டை: 100 பாகை. மே நடுவில், இரவு பத்து மணி.
சித்திரை – கேட்டை: 46 பாகை. ஜூன், இரவு பத்து மணி.

நேரங்கள் தமிழ்நாட்டுக்கு; மகம் – கேட்டை தவிர மற்ற ஜோடிகளில் இரண்டும் ஓரளவு சம உயரத்தில் நிற்கும் வேளை. சிறிய கோணத்துக்குத் திருவாதிரைக்கும் ரைஜலுக்கும் இடையே உள்ள 18.6 பாகை உதவும்.

தோராய எண்ணை வைத்துக் கருவியைத் தீர்ப்பளிக்க முடியாது. அன்றைய அல்மனாக்கிலிருந்து இரண்டு நட்சத்திரங்களின் டெக்ளினேஷனையும் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) எஸ்ஹெச்ஏ எண்ணையும் (வானத்தில் கிழக்கு மேற்காக நட்சத்திரத்தின் இடத்தைச் சொல்லும் கோணம்) எடுத்து இப்படிக் கணக்கிடுங்கள்:

கோசைன்(இடைவெளி) = சைன்(டெக் 1) × சைன்(டெக் 2) + கோசைன்(டெக் 1) × கோசைன்(டெக் 2) × கோசைன்(எஸ்ஹெச்ஏ வேறுபாடு)

தெற்கு டெக்ளினேஷனுக்குக் கழித்தல் குறி. ஏழு தசம இடமாவது வைத்துக்கொள்ளுங்கள். நான்கில் நிறுத்தினால் விடையில் அரைக் கலை தொலைந்துவிடும்.

அடுத்தது ஒளிவிலகல். காற்று இரண்டு நட்சத்திரங்களையும் மேலே தூக்குகிறது, அதனால் அவற்றின் இடைவெளி சுருங்கித் தெரிகிறது. இரண்டும் ஏறக்குறைய சம உயரத்திலும் 30 பாகைக்கு மேலும் இருந்தால் ஒரு குறுக்குவழி உண்டு. நம் ஊர் இரவு வெப்பத்துக்கு, சுருக்கம் = 1.8 கலை × டான்(இடைவெளியில் பாதி). 45 பாகைக்கு 0.75, 60-க்கு 1.04, 80-க்கு 1.5, 100-க்கு 2.1 கலை. குளிர்ப் பிரதேசத்தில் 1.8-க்குப் பதில் 1.94 போட வேண்டும். உயரங்கள் வெகுவாக வேறுபட்டால், மகம் – கேட்டை அப்படித்தான், இரண்டின் உயரத்தையும் திசைக்கோணத்தையும் கணக்கிட்டு, உயரங்களில் மட்டும் ஒளிவிலகலைக் கூட்டி, அதே வாய்பாட்டில் டெக்ளினேஷன் இடத்தில் உயரத்தையும் எஸ்ஹெச்ஏ இடத்தில் திசைக்கோணத்தையும் போட்டுக் கண்டுபிடியுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டு நல்ல கருவிமேல் பழி போடுகிறவர்கள் நிறைய.

அளக்கும் முறை. சாய்வு நாற்காலியில் முதுகை முழுக்கச் சாய்த்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு கழுத்தை வளைத்தால் மூன்றாவது படிப்பிலேயே கை நடுங்கும். கணக்கிட்ட கோணத்தை முதலிலேயே கருவியில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வானம் முழுக்கத் தேட வேண்டியிருக்கும். கைப்பிடி கீழே இருக்கும்படி கருவியைப் படுக்கவைத்தால், இடப்பக்க நட்சத்திரத்தை நேராகப் பார்க்கலாம், வலப்பக்கத்தது பிரதிபலித்து வரும். கண்ணாடிகள் ஒளியைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால் மங்கலானதை நேரிலும் பிரகாசமானதைப் பிரதிபலிப்பிலும் பார்ப்பது நல்லது. மங்கலானது வலப்பக்கம் இருந்தால் கைப்பிடியை மேலே வைத்துத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும், சிரமம்தான், பழகிவிடும். கருவியின் தளம் இரண்டு நட்சத்திரங்களின் வழியாகவும் செல்லும்படி மெதுவாக ஆட்டிக்கொண்டே, காட்சிவட்டத்தின் நடுவில் இரண்டும் ஒன்றாகும்படி டிரம்மைத் திருப்புங்கள். எப்போதும் ஒரே திசையில். ஏழு படிப்பு எடுத்துச் சராசரி காணுங்கள்; முன்னும் பின்னும் அதே இரவில் இண்டெக்ஸ் பிழையையும் அளந்துகொள்ளுங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மகம் – சித்திரை, கணக்கில் 54 பாகை 03.6 கலை வந்தது. ஒளிவிலகல் சுருக்கம் 0.9. கருவி காட்ட வேண்டியது 54 பாகை 02.7. ஏழின் சராசரி 54 பாகை 05.1. உள்ளே 1.3 இண்டெக்ஸ் பிழையைக் கழித்தால் 54 பாகை 03.8. ஆக 54 பாகையில் இந்தக் கருவி 1.1 கலை கூடுதலாகக் காட்டுகிறது. திருத்தம் கழித்தல் 1.1.

ஒரு ஜோடியை வைத்து முடிவு கட்டாதீர்கள். 20, 45, 55, 80, 100 என்று பரவலாக ஐந்து ஜோடியாவது வேண்டும், இரண்டு வெவ்வேறு இரவுகளில். பிழை பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏறினால் அல்லது ஏறி இறங்கினால் அச்சு மையம் தவறியது; சீராக மாறுகிற பிழையை அட்டவணை போட்டுக் கழித்துவிடலாம், கருவி இன்னும் பயன்படும். ஒரே இடத்தில் மட்டும் திடீரென்று குதித்தால் அங்கே பல்லில் அழுக்கு அல்லது அடி. இரவுக்கு இரவு மாறினால் கருவியைவிட அளந்த கையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

இந்த முறையின் பெரிய வசதி, துல்லியமான நேரம் தேவையில்லை. நட்சத்திரங்கள் நகர்ந்தாலும் இடைவெளி நகராது. ஒளிவிலகலுக்கு மட்டும் தோராய நேரம் போதும்.

நட்சத்திரம் தெரியாத ஊருக்கு: எண்ணெய்த் தட்டு

நகர வெளிச்சத்தில் மகமும் மங்கிவிடும். அப்போது ஒரு தட்டில் கறுத்த பழைய எஞ்சின் ஆயிலை ஊற்றிச் செயற்கை அடிவானம் செய்யுங்கள். முன்காலத்தில் பாதரசம் ஊற்றினார்கள். அதன் ஆவி நஞ்சு, வேண்டாம். எண்ணெயில் தெரியும் சூரியனோடு கண்ணாடியில் வரும் சூரியனைப் பொருத்தினால் உயரத்தின் இரு மடங்கு கிடைக்கும். அதில் இண்டெக்ஸ் பிழையைத் திருத்தி, பாதியாக்கி, ஒளிவிலகலைக் கழித்து, ஜிபிஎஸ் இடத்துக்கும் நேரத்துக்கும் கணக்கிட்ட உயரத்தோடு ஒப்பிடலாம். கீழ் விளிம்பும் மேல் விளிம்பும் மாற்றி எடுத்துச் சராசரி கண்டால் அரைவிட்டத் திருத்தமும் வேண்டாம். காற்றடித்தால் எண்ணெய் நடுங்கும். மேலே கண்ணாடி மூடினால் பாதிப் படிப்புக்குப் பிறகு மூடியை அரைவட்டம் திருப்பி வைத்து மீதியை எடுங்கள், மூடிக் கண்ணாடியின் பிழை அடிபட்டுவிடும்.

இரண்டு தொல்லைகள். கருவி 120 பாகை சுமார்தான் அளக்கும், ஆகவே சூரியன் 60 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும். காலையில் அப்படி இருக்கும்போது அது நிமிடத்துக்கு 15 கலை வரை ஏறுகிறது. இரு மடங்கில் இரண்டு விநாடிக்கு ஒரு கலை. கடிகாரம் ஒரு விநாடி தவறினால் சோதனையே வீண். தப்பிக்க ஒரு வழி டிசம்பர் நண்பகல்: சென்னையில் அப்போது சூரியன் உச்சத்திலும் 53.5 பாகைதான், கன்னியாகுமரியில் 58.5. உச்சியில் அது சில நிமிடம் நின்றாற்போல் இருக்கும், கடிகாரத் தவறு தொந்தரவு செய்யாது, 107 முதல் 117 பாகை வரையான பெரிய கோணமும் சோதனையாகிவிடும்.

மிச்சம் இரண்டு

ஷேடு பிழை: கண்ணருகில் டெலஸ்கோப்பில் பொருத்தும் கறுப்பு வடிகட்டி இருந்தால் அதை வைத்துச் சூரிய விளிம்புகளைத் தொடவைத்துப் படியுங்கள். அது இரு பாதைக்கும் பொது என்பதால் பிழை தராது. பிறகு அதை எடுப்பதற்கு முன்பே கண்ணை விலக்கி, இரு பக்க ஷேடுகளையும் போட்டு, ஒவ்வொரு சேர்க்கையாக மீண்டும் படியுங்கள். எந்த ஷேடு வந்தால் எண் மாறுகிறதோ அதற்குரிய திருத்தத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

டெலஸ்கோப்பின் சாய்வு: குழல் கருவித் தளத்துக்கு இணையாக இல்லாவிட்டால் கோணம் எப்போதும் கூடுதலாகத்தான் வரும். ஒரு பாகை சாய்வுக்கு 60 பாகையில் 0.6 கலை. பொருத்தும் இடம் வளைந்திருந்தால் தவிர இவ்வளவு வராது. நட்சத்திரங்களைக் காட்சிவட்டத்தின் ஓரத்தில் பொருத்தினாலும் இதே பிழை வரும் என்பதே நடைமுறையில் முக்கியம்.

பிளாஸ்டிக் செக்ஸ்டன்ட்களுக்கு இந்த அளவுகோல்களை வைக்காதீர்கள். வெயிலில் பத்து நிமிடம் இருந்தாலே இண்டெக்ஸ் பிழை நகர்ந்துவிடும். ஒவ்வொரு அளவுக்கு முன்னும் பின்னும் அளந்துதான் பயன்படுத்த வேண்டும். பழகுவதற்கு நல்லது.

உலோகக் கருவியில் பரவல் 0.3 கலைக்குள்ளும், வில் முழுக்கப் பிழை 1 கலைக்குள்ளும் சீராகவும் வந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். கண்டுபிடித்த திருத்தங்களை 15 பாகைக்கு ஒன்றாக, கூட்டல் கழித்தல் குறியோடு, சோதித்த தேதியும் வரிசை எண்ணும் சேர்த்துச் சிறு அட்டையில் எழுதி, பழைய சான்றிதழை மறைக்காமல் அதன் பக்கத்தில் மூடியின் உள்ளே ஒட்டிவிடுங்கள். இண்டெக்ஸ் பிழையை மட்டும் அந்த அட்டையில் எழுத வேண்டாம். அதை ஒவ்வொரு நாளும் புதிதாக அளக்க வேண்டும்.